என்எஃப்எல் பெட்டிங்ல டர்ன்ஓவர் கணக்கு: அடிக்கடி கேக்கற கேள்விகள்

நியூ ஜெர்சில 2018 ஜூன்ல ஸ்போர்ட்ஸ் பெட்டிங் சட்டப்படி ஆரம்பிச்சுச்சு. அதுல இருந்து ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்க கூடுற நம்ம பசங்க ஆளுக்கொரு ஆப்ப திறந்து வச்சுக்கிட்டு தான் உக்காருறாங்க. ஒவ்வொரு செப்டம்பரும் புதுசா ரெண்டு பேர் வருவாங்க, அதே சந்தேகம் தான் கேப்பாங்க, அதுலயும் பாதிக்கு மேல டர்ன்ஓவர் பத்தி. அதான் கேட்டது கேட்டபடியே எழுதி பதில் போட்டு வச்சுட்டேன். என்எஃப்எல்னா அமெரிக்கன் ஃபுட்பால் லீக், மெஸ்ஸி ஆடற ஃபுட்பால் இல்ல.

அண்ணா, டர்ன்ஓவர்னா என்னென்ன கணக்குல வரும்?

ரெண்டே ரெண்டு தான். ஒன்னு இன்டர்செப்ஷன், குவார்ட்டர்பேக் (டீம்ல பந்த எறியற ஆள்) எறிஞ்ச பந்த எதிர் டீம்காரன் புடிச்சுடறது. இன்னொன்னு இழந்த ஃபம்பிள், அதாவது கைல இருந்த பந்த கீழ விட்டு அத எதிராளி எடுத்துக்கறது. கீழ விட்டும் நம்ம ஆளே திருப்பி எடுத்துட்டா அது ஃபம்பிள் தான், டர்ன்ஓவர் இல்ல. இந்த வித்தியாசம் பின்னாடி ரொம்ப முக்கியமா வரும், மனசுல வச்சுக்கோங்க.

எதிராளி கிட்ட புடுங்குனதுல இருந்து நாம விட்டத கழிச்சா வர்றது தான் டர்ன்ஓவர் மார்ஜின். 30 புடுங்கி 20 விட்டா பிளஸ் 10.

நாலாவது டவுன்ல ட்ரை பண்ணி ஃபெயிலானா அதுவும் டர்ன்ஓவர் தானே?

10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொன்னும் ஒரு டவுன், நாலாவதும் போனா பந்து எதிராளிக்கு. டிவில 'டர்ன்ஓவர் ஆன் டவுன்ஸ்'னு தான் சொல்வாங்க, ஆனா மார்ஜின் கணக்குல அது ஏறாது. பன்ட்ட, அதாவது பந்த எதிராளிக்கு தூரமா உதைச்சு விடறத, பிளாக் பண்றதும் ஏறாது. பன்ட்ட புடிக்க போய் நழுவ விட்டு எதிராளி எடுத்தா மட்டும் இழந்த ஃபம்பிளா ஏறும். இப்பல்லாம் கோச்சுங்க நாலாவது டவுன்ல முன்ன விட ரொம்ப தைரியமா போறாங்க, அதனால மார்ஜின் மட்டும் பாத்தா மேட்ச்ல பந்து கை மாறுனதுல ஒரு பகுதி கண்ணுக்கே படாது. நான் அத தனியா குறிச்சு வச்சுக்குவேன்.

மைனஸ் 3, மைனஸ் 110 இதெல்லாம் என்னன்னே புரியல, முதல்ல அத சொல்லுங்க

மைனஸ் 3ன்றது ஸ்ப்ரெட். அந்த டீம் மேல போட்டா அது 3 பாயிண்ட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்கணும், அப்ப தான் உங்களுக்கு காசு, அதத்தான் கவர் பண்ணுதுன்னு சொல்றது. சரியா 3ல ஜெயிச்சா போட்ட காசு திரும்பி வரும்.

மைனஸ் 110னா 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்கணும். அந்த 10 தான் புக்கோட, அதாவது பெட் வாங்கற கம்பெனியோட கூலி. இதனால நூத்துக்கு 50 ஜெயிச்சா சமம் ஆகாது, 52.4 ஜெயிச்சா தான் கைய கடிக்காம இருக்கும். கீழ எழுதிருக்கற எல்லாத்தையும் இந்த 52.4 கிட்ட நிறுத்தி பாருங்க.

டர்ன்ஓவர்ல ஜெயிச்ச டீம் தான் மேட்ச்சும் ஜெயிக்குதுன்றாங்க, அப்ப அத வச்சே பெட் போட்டுடலாம்ல?

எல்லாரும் வழுக்கி விழற எடம் இதான். மேட்ச் முடிஞ்சப்புறம் பாத்தா, டர்ன்ஓவர் மார்ஜின்ல முன்னாடி இருந்த டீம் நாலு மேட்ச்சுக்கு மூணுக்கும் மேல ஜெயிச்சிருக்கும், ஸ்ப்ரெட்டும் பெரும்பாலும் கவர் பண்ணிருக்கும். அது உண்மை தான், நான் மறுக்கல. ஆனா நீங்க பெட் போடறது மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. எந்த டீம் டர்ன்ஓவர்ல ஜெயிக்கும்னு அப்ப தெரியாதே. இதுவரைக்கும் பிளஸ்ல இருந்த டீம் இன்னிக்கும் பிளஸ்ல இருக்கும்னு நெனச்சு போடறோம், அந்த நெனப்பு தான் பலமில்லாதது.

நான் ஆரம்பிச்ச முதல் சீசன்ல இப்படித்தான் பண்ணேன். அட்டவணைல மேல இருக்கற நாலஞ்சு டீம எடுத்து வாராவாரம் போட்டேன், வச்சிருந்த பணத்துல மூணுல ஒரு பங்கு போச்சு. அதுக்கப்புறம் தான் உக்காந்து கணக்க படிச்சேன். நடந்தத விளக்கறதுக்கு டர்ன்ஓவர் மாதிரி ஒரு நம்பர் கிடையாது, ஆனா நடக்கப்போறத சொல்றதுல அது ரொம்ப வீக்.

ஒரு டர்ன்ஓவர் எத்தன பாயிண்ட்டுக்கு சமம்?

சராசரியா சுமார் 4 பாயிண்ட். பந்து போனதால நமக்கு வந்திருக்க வேண்டிய பாயிண்ட்டும் போகுது, எதிராளிக்கு நல்ல எடத்துல பந்தும் கிடைக்குது, ரெண்டும் சேந்து தான் 4. எங்க நடந்துச்சுன்றத பொறுத்து ரொம்ப மாறும். ஹாஃப் முடியற கடைசி நொடில வீசுன நீளமான பாஸ எவனோ புடிச்சா அதனால ஒன்னும் ஆகாது, அதுவே எதிராளி புடிச்சு நேரா ஓடி டச்டவுன் (பந்தோட எல்லைக்கோட்ட தாண்டி 6 பாயிண்ட்) போட்டா அந்த ஒரு பந்துல மேட்ச்சே மாறிடும்.

2023 பிப்ரவரில நடந்த சூப்பர் பவுல, அதாவது சீசனோட ஃபைனல பாருங்க. ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் யாரும் தொடாமலே பந்த நழுவ விட்டாரு, சீஃப்ஸோட நிக் போல்டன் அத எடுத்து 36 யார்டு ஓடி டச்டவுன் போட்டாரு. கடைசில சீஃப்ஸ் 38, ஈகிள்ஸ் 35. ஹர்ட்ஸ் மூணு டச்டவுன் தானே ஓடி போட்டும் அந்த ஒரு நழுவல் தான் நின்னுச்சு, மேட்ச் முழுக்க இருந்த டர்ன்ஓவரே அது ஒன்னு தான்.

ஃபம்பிள் ஆன பந்த எடுக்கறது திறமையா, லக்கா?

பந்த தட்டி விடறது திறமை. கீழ விழுந்தத எடுக்கறது கிட்டத்தட்ட காசு சுண்டி போடற மாதிரி. முட்டை மாதிரி இருக்கற பந்து எந்த பக்கம் துள்ளும்னு யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கா டேட்டா பாத்தவங்க எல்லாரும் வந்து சேர்ற எடம் இதான்: போன வருஷம் 65 சதவீதம் எடுத்த டீம் இந்த வருஷம் 50 பக்கத்துல வந்து நிக்கும்.

தட்டி விடறது திறமைன்றதுக்கு சிகாகோ பேர்ஸோட சார்ல்ஸ் டில்மன் போதும். 'பீனட் பஞ்ச்'னு அவர் குத்துக்கே பேரு வச்சாங்க, 2012 ஒரே சீசன்ல 10 ஃபம்பிள் பண்ண வச்சாரு. அதே மாதிரி கைல பந்து நிக்காத ஆளும் உண்டு. ஜயன்ட்ஸ்ல டேனியல் ஜோன்ஸ் முதல் வருஷம் 2019ல 18 தடவ பந்த விட்டாரு, அதுல 11 எதிராளிக்கு போச்சு. அந்த 18 அவரோட பிரச்சனை, சரி பண்ண வேண்டியது. 9க்கு பதிலா 11 போனது துள்ளல்.

ஒரு சின்ன திருத்தம் இருக்கு, எல்லா ஃபம்பிளும் சரிபாதி கிடையாது. சென்டர் (பந்த பின்னாடி குடுத்து ஆட்டத்த ஆரம்பிக்கறவர்) குடுக்கும்போதே நழுவுனா பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கே விழுந்து அமுக்கிடுவாரு. தூரத்துல போய் பந்து புடிச்ச ரிசீவர் விட்டா சுத்தி எதிராளி கூட்டம் தான் இருக்கும், அது அவங்களுக்கு தான் அதிகமா போகும்.

அப்ப இன்டர்செப்ஷனும் லக்கா?

பாதி பாதின்னு சொல்லலாம், ஆனா யாரோட பக்கத்துல இருந்து பாக்கறோம்ன்றது முக்கியம். எறியறவன் பக்கம் திறமை அதிகம். ஆரன் ராட்ஜர்ஸ் 2018ல 597 பாஸ் எறிஞ்சு வெறும் 2 இன்டர்செப்ஷன், அது தற்செயல் இல்ல, அவர் கரியர் முழுக்க அப்படித்தான். ஜேமிஸ் வின்ஸ்டன் 2019ல டாம்பா பேக்கு 5,109 யார்டு, 33 டச்டவுன், கூடவே 30 இன்டர்செப்ஷன். அடுத்த வருஷம் அதே டீமுக்கு டாம் பிரேடி வந்து 12 தான் எறிஞ்சாரு, 7க்கு 9னு (7 வெற்றி, 9 தோல்வி) இருந்த டீம் 11க்கு 5 ஆகி சூப்பர் பவுல் அடிச்சுச்சு. அங்க டீமோட மார்ஜின் மாறுனதுக்கு லக் காரணம் இல்ல, ஆள் மாறுனது தான்.

ஆனா நல்ல ஆளுக்கே வருஷத்துக்கு வருஷம் நிறைய ஆடும். ஜாஷ் ஆலன் 2023ல 18, 2024ல 6. டிஃபென்ஸ் பக்கம் இன்னும் மோசமா ஆடும், பந்து எவன் கைலயோ பட்டு எகிறி எவன் கைலயோ விழுறத எந்த கோச்சும் ப்ளான் பண்ண முடியாது. டல்லஸ் டீம்ல ட்ரெவான் டிக்ஸ் 2021ல 11 இன்டர்செப்ஷன் எடுத்தாரு, 2022ல 3.

போன சீசன் பிளஸ் 20க்கு மேல போன டீம் இந்த சீசன் கவுந்துடுமா?

மார்ஜின் கண்டிப்பா எறங்கும். டீம் கவுறும்னு அர்த்தம் இல்ல. இந்த ரெண்டையும் ஒன்னாக்கறவங்க தான் அதிகம்.

2010 பேட்ரியாட்ஸ் பிளஸ் 28, சீசன் முழுக்க மொத்தமே 10 டர்ன்ஓவர் தான் விட்டாங்க. அடுத்த வருஷம் பிளஸ் 17க்கு எறங்குச்சு, இருந்தும் சூப்பர் பவுல் வரைக்கும் போனாங்க. 2011 சான் ஃபிரான்சிஸ்கோவும் அதே பிளஸ் 28, அதே 10. அடுத்த வருஷம் பிளஸ் 9, அவங்களும் சூப்பர் பவுல் போனாங்க. அடித்தளம் நல்லா இருந்த டீம் மார்ஜின் போனாலும் நிக்கும்.

மார்ஜினே அடித்தளமா இருந்தா தான் சிக்கல். 2018 சிகாகோ பேர்ஸ் 27 இன்டர்செப்ஷன், மொத்தம் 36 டேக்அவே (எதிராளி கிட்ட புடுங்குனது), 12க்கு 4. ஆஃபென்ஸ் ரொம்ப சுமார், டிஃபென்ஸ் பந்த புடுங்கி குடுத்து தான் வண்டி ஓடுச்சு. 2019ல 10 இன்டர்செப்ஷன், மொத்தம் 19, 8க்கு 8ல நின்னுச்சு. டிஃபென்ஸ் கோச் விக் ஃபாஞ்சியோ நடுவுல டென்வருக்கு போனதும் ஒரு காரணம்.

அப்ப போன வருஷம் மைனஸ்ல கெடந்த டீம் மேல போட்டா லாபமா?

இந்த திசை எனக்கு கொஞ்சம் பிடிக்கும், ஏன்னா மோசமான டீம் மேல போட ஜனங்களுக்கு கை வராது. 2012ல கன்சாஸ் சிட்டி சீஃப்ஸும் ஃபிலடெல்பியா ஈகிள்ஸும் ஆளுக்கு மைனஸ் 24. சீஃப்ஸ் 2க்கு 14, ஈகிள்ஸ் 4க்கு 12. 2013ல சீஃப்ஸ் பிளஸ் 18 போய் 11க்கு 5, ஈகிள்ஸ் பிளஸ் 12 போய் 10க்கு 6. ரெண்டும் ப்ளேஆஃப் (நாக்அவுட் சுற்று) போச்சு.

ஆனா கூடவே இதையும் சொல்லணும். சீஃப்ஸுக்கு கோச் ஆண்டி ரீடும் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தும் புதுசா வந்தாங்க, ஈகிள்ஸுக்கு கோச் சிப் கெல்லி வந்தாரு, அவங்க குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் அந்த வருஷம் 27 டச்டவுனுக்கு 2 இன்டர்செப்ஷன் தான் எறிஞ்சாரு. வெறும் லக் திரும்புனதுனால மட்டும் நடந்தது இல்ல. மைனஸ் 24 ஆன டீம் ஆள மாத்தாம, 30 இன்டர்செப்ஷன் எறிஞ்ச அதே ஆள வச்சுக்கிட்டு வந்தா நான் அது பக்கம் போக மாட்டேன். லக்கால விழுந்தது எவ்ளோ, ஆளால விழுந்தது எவ்ளோன்னு பிரிச்சப்புறம் தான் முடிவு.

இதெல்லாம் ஸ்போர்ட்ஸ்புக் காரனுக்கு தெரியாதா என்ன?

தெரியும், நல்லா தெரியும். 2022 மினசோட்டா வைகிங்ஸ் 13க்கு 4, ஆனா சீசன் முழுக்க கூட்டி பாத்தா அடிச்சது 424 பாயிண்ட், வாங்குனது 427. ஒரு ஸ்கோர் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச் பதினொன்னும் ஜெயிச்சாங்க. 13 ஜெயிச்ச டீம்னு பாத்து ஏமாறாம 2023க்கு புக்ஸ் போட்ட லைன் (பெட்டுக்கு முன்கூட்டியே சொல்ற நம்பர்) 8.5 வெற்றி. கடைசில 7க்கு 10.

அதனால "மார்ஜின் எறங்கும், எதிர்த்து போடு"ன்றது எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்னு நெனச்சுக்கிட்டு போகாதீங்க. அந்த எறக்கம் லைன்லயே பெரும்பாலும் இருக்கும். நாம தேடறது லைன்ல இன்னும் ஏறாத மிச்சத்த, அது சின்னதா தான் இருக்கும், பல வாரம் இருக்கவே இருக்காது. ஒரு வாரத்துக்கு 16 மேட்ச் இருந்தா நான் போடறது ஒன்னு ரெண்டு, சில வாரம் ஒன்னும் இல்ல.

நடு சீசன்ல நீங்க எப்படி கணக்கு போடறீங்க, ஒரு உதாரணம் சொல்லுங்களேன்

சும்மா கணக்குக்கு ஒரு டீம் வச்சுக்குவோம், 8 மேட்ச் ஆடிருக்கு. அந்த 8 மேட்ச்ல ரெண்டு பக்கமும் சேத்து 22 ஃபம்பிள், அதுல இந்த டீம் எடுத்தது 15. பாதின்னா 11, அப்ப 4 அதிகம். மேல சொன்ன மாதிரி ஒன்னுக்கு 4 பாயிண்ட்னா 16 பாயிண்ட், 8 மேட்ச்சுக்கு வகுத்தா மேட்ச்சுக்கு 2 பாயிண்ட் சும்மா வந்தது.

அடுத்து குவார்ட்டர்பேக். 250 பாஸ்ல 2 இன்டர்செப்ஷன் எறிஞ்சிருக்காரு, ஆனா அவர் பல வருஷ சராசரி நூத்துக்கு 2.2. அப்படின்னா 5.5 எறிஞ்சிருக்கணும், 3.5 கம்மி. அது 14 பாயிண்ட், மேட்ச்சுக்கு ஒன்னே முக்கால். ரெண்டும் சேத்து மேட்ச்சுக்கு கிட்டத்தட்ட 4 பாயிண்ட் இந்த டீம் இருக்கறத விட நல்லா தெரியுது. இதுல நான் பாதிய தான் எடுத்துக்குவேன், மீதி பாதி புக்குக்கு தெரிஞ்சு லைன்ல ஏறிருக்கும்னு வச்சு. பாதின்றது என் அனுபவத்துல வச்சுக்கிட்டது, சூத்திரம் இல்ல. அப்ப மைனஸ் 6 இருக்கற டீம் என் கணக்குல மைனஸ் 4.

கழிச்சப்புறம் வர்ற நம்பர் 3 இல்ல 7 தாண்டுதான்னு பாருங்க. என்எஃப்எல்ல ஏழு மேட்ச்சுக்கு ஒன்னு கிட்டத்தட்ட சரியா 3 பாயிண்ட்ல முடியுது, 7 அதுக்கு அடுத்தது. மைனஸ் 3.5 மைனஸ் 2.5 ஆகறதுக்கும், மைனஸ் 9.5 மைனஸ் 8.5 ஆகறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போன வாரம் 4 டர்ன்ஓவர் விட்டு அடி வாங்குன டீம் இந்த வாரம் கவர் பண்ணும்னு ஒரு ட்ரெண்ட் இருக்காமே ப்ரோ?

இது பழைய ட்ரெண்ட், பின்னாடி ஒரு நியாயமும் இருக்கு. நாலு டர்ன்ஓவர் விட்டு 30 பாயிண்ட்ல தோத்தா ஜனங்க அந்த டீம கை விட்டுடுவாங்க, லைன் ஒன்னு ஒன்னரை பாயிண்ட் நகரும், ஆனா டீம் அவ்ளோ மோசம் ஆகிருக்காது.

அத கண்ண மூடிட்டு போடாதீங்கன்னு தான் சொல்றேன். அந்த நாலும் எப்படி போச்சுன்னு திரும்ப பாருங்க. 2023 ரெண்டாவது வாரம் வைகிங்ஸ் ஃபிலடெல்பியால நாலு ஃபம்பிள் இழந்து 34க்கு 28ல தோத்தாங்க. அதுல ஒன்னு ஜஸ்டின் ஜெஃபர்சன் கோல் லைன் கிட்ட விட்ட பந்து, எண்ட் ஜோன் வழியா வெளில போயிடுச்சு, ரூல் படி அது எதிராளிக்கு. அந்த மாதிரி வாரம் வாரம் நடக்காது. ஆனா குவார்ட்டர்பேக்குக்கு காவலா முன்னாடி நிக்கற லைன்மேன் ரெண்டு பேர் காயம், குவார்ட்டர்பேக் ஓட எடமில்லாம அடி வாங்கி பந்த விடறான்னா அடுத்த வாரமும் அதே லைன்மேன் தான், அதே அடி தான். ஸ்கோர் ஷீட்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்.

தோத்துட்டு இருக்கறதால தான இன்டர்செப்ஷன் எறியறாங்க? அப்ப எது காரணம் எது விளைவு?

ரொம்ப நல்ல கேள்வி, இத கேட்டவன் ஒருத்தன் தான். ஆமா, 17 பாயிண்ட் பின்னாடி இருந்தா கடைசி கால் மணி நேரம் எதிராளி ஒட்டிக்கிட்டு நிக்கற ஆளுக்கே எறிஞ்சாகணும், டிஃபென்ஸுக்கும் அது தெரியும். அப்படி வந்த இன்டர்செப்ஷன் தோல்விக்கு காரணம் இல்ல, தோல்வியோட விளைவு. மேல "நாலுல மூணு மேட்ச்"னு சொன்னேனே, அந்த நம்பரே இதனால கொஞ்சம் ஊதிருக்கு.

நான் கணக்கு எடுக்கும்போது நாலாவது குவார்ட்டர்ல ரெண்டு ஸ்கோருக்கு மேல பின்னாடி இருக்கும்போது எறிஞ்சதையும், ஹாஃப் முடியும்போது மேல வீசுனதையும் தனியா ஒதுக்கிடுவேன். வேலை கொஞ்சம் ஜாஸ்தி தான், ஆனா ஒவ்வொரு ப்ளேயும் டேட்டாவா இலவசமா கிடைக்குது, எக்செல் தெரிஞ்சா போதும்.

மழை, பனி இருந்தா டர்ன்ஓவர் கூடும், அப்ப அண்டர்டாக் (தோக்கும்னு எதிர்பாக்கற டீம்) மேல போடலாமா?

ஈரத்துல ரெண்டு டீம் கையும் தான் வழுக்கும். மேட்ச்ல ஏத்த எறக்கம் கூடும்ன்றது சரி, ஆனா அது யாரு பக்கம் சாயும்னு மழை சொல்லாது. மழைய விட காத்த பாருங்க, பாஸிங்க நெஜமா கெடுக்கறது அது தான். அதுவும் வானிலை அறிக்கை வந்த உடனே லைன் நகந்துடும், ஞாயித்துக்கிழமை காலைல நீங்க ஜன்னல் வழியா பாத்து போடறது லேட்.

ஓவர் அண்டருக்கு இது உதவுமா?

ரெண்டு டீம் ஸ்கோரும் சேந்து புக் சொன்ன நம்பர தாண்டுமா தாண்டாதான்றது தான் ஓவர் அண்டர். நான் பெருசா நம்பல. நடு மைதானத்துல போற டர்ன்ஓவர் எதிராளிக்கு கிட்டத்துல பந்த குடுத்து ஸ்கோர ஏத்தும், கோல் லைன் கிட்ட போறது ஸ்கோர கொல்லும். ரெண்டும் ஒன்ன ஒன்னு அடிச்சுக்கும். போன மூணு மேட்ச்ல ஒரு டீமோட டிஃபென்ஸ் டச்டவுன் போட்டே டோட்டல் ஓவர் போயிருந்தா மட்டும் அந்த டச்டவுன கழிச்சுட்டு பாப்பேன், அது திரும்ப வரும்னு எதிர்பாக்க முடியாது.

"இந்த ட்ரெண்ட் 62 சதவீதம் ஜெயிக்குது"ன்னு டெலிகிராம்ல ஒருத்தர் விக்கறாரு, வாங்கலாமா?

வாங்காதீங்க. ஒரு சீசனுக்கு மொத்தமே 272 ரெகுலர் மேட்ச். அதுல "சொந்த ஊர்ல ஆடற அண்டர்டாக், போன வாரம் மார்ஜின் மைனஸ் 2, நவம்பர் மாசம்"னு வெட்டி வெட்டி போனா 40 மேட்ச் மிஞ்சும். வெட்டிக்கிட்டே இருந்தா எங்கயாவது ஒரு 62 கண்டிப்பா அகப்படும். காச சுண்டி விட்டு பெட் போடறவனுக்கே 100 பெட்ல 55 இல்ல அதுக்கு மேல வர்ற வாய்ப்பு ஐஞ்சுல ஒன்னுக்கு கொஞ்சம் கம்மி, அதாவது அஞ்சாறு பேர் சுண்டுனா ஒருத்தன் நிபுணர் மாதிரி தெரிவான்.

பழைய டேட்டால இன்னொரு பிரச்சனை, ஆட்டமே மாறிடுச்சு. 1970கள்ல நூறு பாஸுக்கு சுமார் 5 இன்டர்செப்ஷன், இப்ப ரெண்டு, ரெண்டரை. அந்த காலத்தையும் இந்த காலத்தையும் கலந்து ஒரு ட்ரெண்ட் காட்டுனா அதுக்கு மதிப்பே இல்ல. ட்ரெண்டுக்கு பின்னாடி ஏன்னு ஒரு காரணம் சொல்ல முடியணும், முடியலன்னா விட்டுடுங்க.

மேட்ச் நடக்கும்போதே, ஒரு ஃபம்பிள் ஆன உடனே லைவ் பெட் போடலாமா?

உங்க டிவில வர்றது சில நொடி பழசு. புக்குக்கு டேட்டா அதுக்கு முன்னாடியே வந்துடும், லைன் மாறிடும், கூலியும் லைவ்ல ஜாஸ்தி. நீங்க கோவத்துல இல்ல சந்தோஷத்துல இருக்கும்போது போடற பெட் அது, நம்ம பசங்க அதிகமா விட்டதும் அதுல தான். நான் போடறதில்ல.

ப்ளேஆஃப், சூப்பர் பவுல்ல டர்ன்ஓவர் விடாத டீம தானே நம்பணும்?

மேல சொன்ன 2010 பேட்ரியாட்ஸ எடுத்துக்கோங்க, பிரேடி சீசன் முழுக்க 4 இன்டர்செப்ஷன் தான். ப்ளேஆஃப்ல ஜெட்ஸ் கூட முதல் குவார்ட்டர்லயே ஒன்னு எறிஞ்சாரு, டீம் 28க்கு 21ல தோத்து வெளிய. 2011 சான் ஃபிரான்சிஸ்கோ இன்னும் வேதனை. 16 மேட்ச்ல 10 விட்ட டீம், ஜயன்ட்ஸ் கூட நடந்த கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல ஒரு இன்டர்செப்ஷன் கூட எறியல, ஆனா கைல் வில்லியம்ஸ் பன்ட் எடுக்கற எடத்துல ரெண்டு தடவ பந்த விட்டாரு, ஒன்னு அவர் முட்டில உரசிட்டு போனது, இன்னொன்னு ஓவர்டைம்ல. 20க்கு 17 தோல்வி.

மறுபக்கம் 2017 பிப்ரவரி சூப்பர் பவுல்ல பேட்ரியாட்ஸ் 2 டர்ன்ஓவர் விட்டாங்க, அதுல ஒன்ன ராபர்ட் ஆல்ஃபர்ட் 82 யார்டு ஓடி டச்டவுன் போட்டாரு, அட்லாண்டா விட்டது 1. 28க்கு 3னு பின்னாடி இருந்து 34க்கு 28ல ஜெயிச்சு, மைனஸ் 3 ஸ்ப்ரெட்டையும் கவர் பண்ணாங்க. ஒத்த மேட்ச்ல சீசன் மார்ஜின வச்சு எதையும் சொல்ல முடியாது.

ஒரு பெட்டுக்கு எவ்ளோ போடணும்?

இதுக்குன்னு தனியா ஒதுக்குன, போனாலும் வாடகைக்கோ பிள்ளைங்க ஃபீஸுக்கோ கை வைக்காத பணத்துல நூத்துக்கு ஒன்னு, அதிகபட்சம் ரெண்டு. நம்பிக்கை ஜாஸ்தியா இருக்குன்னு அஞ்சாக்காதீங்க. நல்லா கணக்கு போடறவனே 54, 55 தான் ஜெயிப்பான், தொடர்ந்து எட்டு தோக்கற காலம் அவனுக்கும் வரும்.

விட்டத புடிக்கணும்னு ராத்திரி மேட்ச்சுக்கு டபுளா போடற பழக்கம் வந்துட்டா, வீட்ல மறைக்க ஆரம்பிச்சுட்டா, கணக்க மூடி வச்சுட்டு 1-800-கேம்ப்ளர் (1-800-GAMBLER) நம்பருக்கு கூப்பிடுங்க. இலவசம், பேரு கூட சொல்ல வேண்டாம். ஆப்லயே உங்கள நீங்களே தடை பண்ணிக்கற வசதியும் இருக்கு. எனக்கு போன் பண்ணாலும் சரி, ராத்திரி எத்தன மணி ஆனாலும் எடுப்பேன்.

நான் சென்னைல இருக்கேன், இங்க இருந்து ஏதாவது ஆப்ல போடலாமா?

வேண்டாம் தம்பி. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் காசு வச்சு ஆடற ஆன்லைன் கேம் மொத்தத்தையும் தடை பண்ணிடுச்சு, தமிழ்நாட்ல அதுக்கு முன்னாடியே 2022 சட்டம் இருக்கு. வெளிநாட்டு சைட்டுக்கு பணம் அனுப்புனா அது அந்நிய செலாவணி பிரச்சனை வேற, ஜெயிச்ச காசு வராம போனா கேக்க ஆளில்ல. காசு வைக்காம பேப்பர்ல கணக்கு போட்டு பாருங்க, ஆட்டத்த புரிஞ்சுக்க அது போதும். இங்க அமெரிக்காலயும் எல்லா ஸ்டேட்லயும் அனுமதி இல்ல, இருக்கற ஸ்டேட்ட பாத்துக்கோங்க.

எல்லா டேக்அவேயும் எறங்கும்னு சொல்றீங்க, டல்லஸ் மட்டும் எப்படி ரெண்டு வருஷமும் முதலிடம்?

2021ல 34, 2022ல 33, ரெண்டு வருஷமும் லீக்லயே முதலிடம். இத்தனைக்கும் டிக்ஸ் 11ல இருந்து 3க்கு எறங்குனாரு, அத மேலயே சொன்னேன். ஆள் எறங்குனான், டீம் எறங்கல. ஏன்னா அங்க டிஃபென்ஸ் கோச் டான் க்வினும் டிஃபென்ஸ்ல ஆடுன மைக்கா பார்ஸன்ஸும் ரெண்டு வருஷமும் இருந்தாங்க, குவார்ட்டர்பேக்க நிக்க விடாம தொரத்துனாங்க. அவசரத்துல எறியறவன் தப்பா எறிவான், பின்னால இருந்து அடி வாங்கறவன் பந்த விடுவான். அந்த நெருக்கடி தான் ஊத்து, டிக்ஸ் கைல விழுந்ததா வேற எவன் கைல விழுந்ததான்றது தான் வருஷத்துக்கு வருஷம் மாறுச்சு.

அதனால ஒரு டீம் டேக்அவேல மேல இருந்தா நான் உடனே எதிர்த்து போடறதில்ல. நூறு பாஸ்ல எத்தன தடவ குவார்ட்டர்பேக்க நெருக்குறாங்க, எத்தன ஃபம்பிள் தட்டி விடறாங்க, இந்த ரெண்டையும் முதல்ல பாப்பேன். அதுலயும் மேல இருந்தா விட்டுடுவேன். அது ரெண்டும் சுமாரா இருந்து டேக்அவே மட்டும் மேல இருந்தா தான் அந்த டீமோட அடுத்த எதிராளிக்கு என்ன லைன் போட்டிருக்காங்கன்னு போய் பாப்பேன்.